போவதும் நிற்பதும்

காஞ்சிப் பட்டில் கோர்வைச் சேலையைத் தனியொருவர் நெய்துவிட முடியாது. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறொரு நிறம். இரண்டும் இழைக்கு இழை பூட்டிக்கொள்ள வேண்டும். நெசவாளர் தறியில் அமர்ந்திருக்க, அவருக்குப் பக்கத்தில் கரையோரமாக இன்னொருவர் உட்கார்ந்து கரைக்குரிய நாடாவை எறிந்து கொடுத்தாக வேண்டும். அந்த இன்னொருவர் பெரும்பாலும் வீட்டுப் பிள்ளையாகவே இருப்பார். தறியிருக்கும் வீடுகளுக்கு மந்திரிக்கச் செல்லும்போதெல்லாம் இதை நாம் கண்டிருக்கிறோம். ஆனால் ஒரு பிள்ளை அந்த இடத்தைவிட்டு எழுந்துபோக விரும்பினால் என்னவாகும் என்று, சென்ற ஆண்டு ஒரு மாலைவேளை வரையில், நாம் எண்ணிப் பார்த்ததில்லை.

அன்று திருப்பலி முடிந்தபின் நம்மைச் சந்திக்க வந்தவர் இருபத்தெட்டு வயது இளம்பெண். வணிகவியல் பட்டம் பெற்று, ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் கணக்குப் பிரிவில் பணியாற்றுகிறார். அதிகாலையிலும் விடுமுறை நாள்களிலும் தந்தையின் தறியில் கோர்வைக்கு அமர்கிறார். தாய்க்கு முதுகுவலி, முன்போல் உட்கார இயலாது. வந்தவர் சுற்றி வளைக்கவில்லை. "ஃபாதர், ஆறு வாரம் வியத்நாம் போய்வர வேண்டும். தனியாகத்தான். அது தப்பா?" என்றார். வேலைக்கா என்றோம். இல்லை. படிப்புக்கா என்றோம். அதுவும் இல்லை. "பார்க்க வேண்டும், ஃபாதர். அவ்வளவுதான்."

வளைகுடாவுக்கு வேலைக்குப் போவதாகச் சொல்லியிருந்தால், மறு ஞாயிறே விசுவாசிகள் மன்றாட்டில் அவர் பெயரைச் சேர்த்திருப்போம். மணமுடித்துக் கணவரோடு கனடா செல்வதாயின் ஊரே வழியனுப்பியிருக்கும். சம்பளம், பட்டம், தாலி என்னும் மூன்று வாயில்கள் வழியாக எவ்வளவு தூரமும் போகலாம். பார்ப்பதற்காகப் போகிறேன் என்றால் மட்டும் நமக்கு நெஞ்சு பதைக்கிறது, அதிலும் போகிறவர் பெண்ணாக இருந்தால். அரசும் இவ்வச்சத்திலிருந்து விலகி நின்றதில்லை. பத்தாம் வகுப்புத் தேறாத பெண், முப்பது வயது நிறைவதற்குமுன் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல அது நெடுங்காலம் அனுமதி மறுத்து வந்தது. ஏமாற்றுக்காரர்களிடமிருந்து ஏழைப் பெண்களைக் காப்பதே அவ்விதியின் நோக்கம். அதை நாம் குறைகூற மாட்டோம். ஆயினும் இருபத்தொன்பது வயதுப் பெண் ஒரு குடும்பத்தையே தாங்கலாம், தன் பயணத்தை மட்டும் தீர்மானிக்கலாகாது என்று அது சொல்லாமல் சொல்லிற்று.

அப்பெண்ணுக்கு அன்று நாம் விடை தரவில்லை. வீடு திரும்பியபின் நம் நினைவுக்கு வந்தவர் ஒரு சீனத் துறவி.

யுவான் சுவாங்கின் பெயரைப் பள்ளி வரலாற்றுப் பாடத்தில் அனைவரும் படித்திருப்போம். அவர் புறப்பட்டபோது அவருக்கு ஏறத்தாழ இருபத்தேழு வயதுதான் என்பதை எத்தனைபேர் கவனித்திருப்போம்? சீனத்தில் கிடைத்த புத்தமத நூல்களின் மொழிபெயர்ப்புகள் ஒன்றோடொன்று முரண்பட்டன. மூலத்தைக் கண்டாலன்றி ஐயம் தீராது. எல்லைப் போரின் காரணமாக நாட்டைவிட்டு வெளியேறுவது தடைசெய்யப்பட்டிருந்த காலம் அது. அவரோடு சேர்ந்து அனுமதி கேட்டவர்கள், அது மறுக்கப்பட்டதும் பின்வாங்கினர். அவர் பின்வாங்கவில்லை. 629ஆம் ஆண்டையொட்டி, ஆணையை மீறிப் புறப்பட்டார். வழிகாட்ட வந்தவன் பாதியில் கைவிட்டான். பாலைவனத்தில் தண்ணீர்ப் பை கைதவறி விழுந்து கொட்டிப்போயிற்று. வந்த வழியே திரும்பிச் சிறிது தூரம் நடந்தார், பிறகு நின்றார், இந்தியாவை அடையாமல் கிழக்கு நோக்கி ஓரடியும் வைப்பதில்லை என்ற தம் உறுதியை நினைத்து, மீண்டும் மேற்கே திரும்பினார். நான்கு இரவும் ஐந்து பகலும் ஒரு சொட்டு நீரில்லை. இறுதியில், முன்பு பலமுறை அவ்வழி சென்று பழகிய அவருடைய கிழட்டுக் குதிரைதான் நீர்நிலையைக் கண்டுபிடித்தது.

துர்பான் நாட்டு மன்னன் அவர்மீது கொண்ட அன்பினால் அவரைப் போகவிடாமல் பிடித்து வைத்ததையும் அவருடைய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. துறவி உண்ண மறுத்தார். பட்டினி சில நாள் நீடித்தபின் மன்னன் இறங்கிவந்து, வழிச்செலவும் பிறநாட்டு அரசர்களுக்குக் கடிதங்களும் கொடுத்து அனுப்பினான். பகைவர் விதிக்கும் தடையைவிட அன்புடையோர் விதிக்கும் தடையைக் கடப்பதே கடினம் போலும்.

இவ்வளவும் வீரக்கதை. மேடையில் சொன்னால் இளைஞர்கள் கைதட்டுவார்கள். ஆனால் நம்மைச் சிந்திக்க வைத்தது இதற்குப்பின் நிகழ்ந்த ஒரு சிறு செய்தி. அது நம் காஞ்சியில் நிகழ்ந்தது.

640 அளவில், பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் ஆண்ட காலத்தில், அவர் காஞ்சி வந்து சேர்ந்தார். நூற்றுக்கும் மேற்பட்ட புத்த மடங்களும் ஏறத்தாழ எண்பது தேவ ஆலயங்களும் இங்கிருந்ததாக எழுதி வைத்தார். நாளந்தாவின் தலைமைப் பேராசிரியராக விளங்கிய தருமபாலர் பிறந்த ஊர் இது என்பதும் அவர் குறிப்பு. இங்கிருந்து கடல்கடந்து இலங்கை செல்வதே அவருடைய திட்டம். அவ்வேளையில் இலங்கையிலிருந்து துறவியர் பலர் காஞ்சிக்கு வந்து சேர்ந்தனர். அரசன் இறந்துவிட்டான், நாட்டில் பஞ்சமும் குழப்பமும் என்றனர். அவர் அவர்களோடு அமர்ந்து, தம் மனத்திலிருந்த ஐயங்களைக் கேட்டார். நாளந்தாவில் சீலபத்திரரிடம் தாம் கற்றதற்குமேல் அவர்களால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. இலங்கைப் பயணத்தை அவர் கைவிட்டார்.

பேரரசின் ஆணையும் பாலைவனத்துத் தாகமும் அரசனின் அன்பும் நிறுத்த முடியாத மனிதர், இலங்கை மூன்று நாள் கடல்வழியே என்று சொல்லப்பட்ட இடத்தில் தாமாகவே நின்றுவிட்டார். அஞ்சி நின்றார் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. பஞ்சத்தைவிடக் கொடிய நிலங்களைக் கடந்து வந்தவர் அவர். எதைத் தேடிப் போகிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஆகவே அது எங்கே இல்லை என்பதும் அவருக்குத் தெரிந்தது. இருபத்தேழு வயதில் போனதும் ஏறத்தாழ நாற்பதில் நின்றதும் ஒரே அறிவின் இரு செயல்கள் என்றே நமக்குத் தோன்றுகிறது. எப்படியும் போயே தீருவேன் என்பவரிடத்தும், போகவே மாட்டேன் என்பவரிடத்தும் அவ்வறிவு இல்லை.

அடுத்த வாரம் அப்பெண் வந்தபோது நாம் கேட்டது ஒன்றே: "அங்கே எதைப் பார்க்க வேண்டும், அம்மா?" மலைகளின் பெயரையும் நகரங்களின் பெயரையும் சொல்வார் என எதிர்பார்த்தோம். சற்று நேரம் பேசாமலிருந்து, "நான் யாருடைய மகள் என்று தெரியாத ஓர் ஊரில் நான் எப்படி நடந்துகொள்வேன் என்று பார்க்க வேண்டும், ஃபாதர்" என்றார். கல்யாணத்துக்கு முன்பு ஒரு முறையாவது, என்றும் சேர்த்துக்கொண்டார்.

இவ்விடையைத் தன்னலம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. லூக்கா நற்செய்தியின் இளைய மகனும் தந்தையை அறியாத தொலை நாட்டுக்குத்தானே போனான் என்று கேட்கலாம். ஆனால் அவன் செய்த பிழை, தந்தை உயிரோடிருக்கும்போதே பங்கைக் கேட்டுப் பெற்றதும் அதை அழித்ததும் ஆகும். இப்பெண் யாருடைய பங்கையும் கேட்கவில்லை; ஐந்தாண்டுச் சேமிப்பு அவருடையது. திரும்பி வரும் நாளையும் குறித்திருக்கிறார்.

குருமடத்தில் நாம் பயின்ற புனித தாமஸ் அக்குவினாஸ் இவ்விடத்தில் துணைக்கு வருகிறார். 1244ஆம் ஆண்டு, டொமினிக்கன் சபையில் சேர்ந்து பயணப்பட்ட அவரை அவருடைய உடன்பிறந்தாரே வழியில் பிடித்துக்கொண்டு போக, குடும்பத்தார் ஓராண்டளவு காவலில் வைத்தனர். ஆதலால் பெற்றோருக்கு மாறாகத் துறவறம் புகலாமா என்று தம் இறையியல் தொகுப்பில் அவர் வினவும்போது, பட்டறிந்தவரின் நிதானம் அதில் தெரிகிறது. பெற்றோருக்குப் பிள்ளையின்றி வேறு ஆதரவு கிடையாத தேவை இருப்பின், பிள்ளை விட்டுப்போகக் கூடாது; அத்தகைய தேவை இல்லையெனில், அவர்களுடைய விருப்பம் மட்டும் தடையாகாது என்கிறார். துறவறமும் வியத்நாம் சுற்றுலாவும் ஒன்றல்ல என்பதை நாம் மறக்கவில்லை. ஆயினும் தேவை வேறு, விருப்பம் வேறு என்று அவர் வகுக்கும் கோடு இங்கும் உதவும். நம் வீடுகளில் இரண்டும் ஒரே குரலில்தான் பேசுகின்றன.

அவ்விருப்பத்திற்கு வலி இல்லை என்று எவரும் எண்ண வேண்டாம். புனித அருளானந்தர் 1673இல், தம் இருபத்தாறாம் வயதில் லிஸ்பனிலிருந்து கப்பலேறியபோது, அவரைத் தடுக்க அவருடைய தாய் தம் செல்வாக்கையெல்லாம் பயன்படுத்திப் பார்த்தார். ஓரியூர்த் திருவிழா மறையுரைகளில் அத்தாயைப் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில் கடந்துவிடுகிறோம். நாமும் அப்படித்தான் கடந்திருக்கிறோம். சிறுவயதில் சிலகாலம் காஞ்சிபுரத்தில் படித்த கணித மேதை இராமானுஜன், 1914 மார்ச் 17ஆம் நாள் சென்னையில் கப்பலேறியபோது அவருக்கும் வயது இருபத்தாறு. தாய் முதலில் உடன்படவில்லை, பிறகு உடன்பட்டார். மகன் 1919இல் நோயோடு திரும்பி, மறு ஆண்டே இறந்தார். அத்தாய் உடன்பட்டது தவறென்று சொல்ல யாருக்கு உரிமை உண்டு? முடிவைக் கொண்டு முடிவெடுத்ததை அளப்பது நியாயமாகாது.

இங்கே நம்மைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். நமக்கும் இருபத்தெட்டு வயதிருக்கையில் மேற்படிப்புக்கு உரோமை செல்லும் வாய்ப்பு வந்தது. நாம் போகவில்லை. தாயார் நோயுற்றிருக்கிறார் என்று மேலிடத்தில் தெரிவித்தோம். அது பொய்யல்ல. ஆனால் தாயார் நம்மைத் தடுக்கவில்லை. தம்பியும் தங்கையும் உடனிருந்து கவனித்தனர். உண்மையில் அன்னிய மொழியும் அன்னியர் நடுவில் உண்ணும் உணவும் நம்மை அச்சுறுத்தின. அந்த அச்சத்துக்குத் தாயாரின் நோயைப் போர்வையாக்கினோம். நின்றது தவறா என்று இன்றும் நமக்குத் தெரியவில்லை. நின்றதற்குச் சொன்ன காரணம் தவறு என்பது மட்டும் தெரியும்.

ஆகவே அப்பெண்ணின் தந்தையைக் காணச் சென்றபோது, அறிவுரை கூறும் தகுதி நமக்கு அதிகம் இருப்பதாக எண்ணவில்லை. அவர் முதலில் ஊர் என்ன பேசும் என்றார். பிறகு வரன் தள்ளிப்போகும் என்றார். தறியைப் பார்த்தபடியே கடைசியாகத்தான், "ஐப்பசி முகூர்த்தத்துக்கு ரெண்டு சேலை ஒத்துக்கிட்டிருக்கேன், சாமி. கோர்வைக்கு ஆள் யாரு?" என்றார். இதுதான் தேவை, மற்றவையெல்லாம் விருப்பம். மகள் உள்ளேயிருந்து, பக்கத்துத் தெருப் பையன் ஒருவனிடம் பேசிவிட்டதாகவும், ஆறு வாரக் கூலியைத் தாமே தரப்போவதாகவும் சொன்னார். தந்தைக்கு அது அன்றுதான் தெரியும். தாய் கேட்டது வேறு: அங்கே நம் கோவில் உண்டா? ஹனோயிலும் சைகோனிலும் பேராலயங்கள் உண்டு என்றோம். தனியாகச் செல்பவர் எந்நாளில் எவ்வூரில் தங்குவார் என்பதை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகவேண்டும், ஒருநாள் விட்டு ஒருநாளேனும் வீட்டோடு பேசவேண்டும் என்பவற்றை மகள் நாம் சொல்லாமலே ஒப்புக்கொண்டார்.

எழுந்து விடைபெறுகையில் தந்தை வாசல்வரை வந்தார். "பாஸ்போர்ட்டுக்கு நான் கையெழுத்துப் போடணுமா, சாமி?" என்று கேட்டார். பதினெட்டு வயது நிறைந்தவருக்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டியதில்லை, அது ஏற்கெனவே வந்துவிட்டது என்றோம். அவர் சிறிது நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்புறம் எதுக்கு சாமி என்கிட்ட கேக்கறா?"

உள்ளே தறியில் யாரோ உட்கார்ந்து விளக்கைப் போடும் ஒலி கேட்டது. அவர் நம் விடைக்குக் காத்திராமல் உள்ளே போனார்.