துருவக் களத்தில் உயிரின் உடைமை

ஒருவர் தம் உயிரை அறிந்தே இடருக்கு உள்ளாக்கும்போது அந்த இடர் அவருக்கு மட்டுமே உரியதா என்னும் வினா அறவியலில் பழமையானது. அதற்கு நவீன காலத்தில் தரப்பட்ட விடைகளுள் பெருஞ்செல்வாக்குப் பெற்ற ஒன்று, ஜான் ஸ்டுவர்ட் மில் 1859இல் வெளியிட்ட ‘சுதந்திரம் பற்றி’ என்னும் நூலில் உள்ளது. பழுதடைந்த பாலத்தில் அறியாமல் கால்வைக்கப் போகிறவரை, எச்சரிக்க நேரமில்லாதபோது, பிடித்து நிறுத்தலாம் என்றும், ஆபத்து உறுதியானதாக அன்றி நேரக்கூடியதாக மட்டும் இருப்பின் எச்சரிப்பதோடு நின்றுவிட வேண்டும் என்றும் மில் கருதினார். பிறரைத் தொடாத தீங்கில் சமூகம் தலையிடலாகாது என்பதே இதன் அடிப்படை. ஆனால் துருவப் பகுதிகளில் கள ஆய்வு செய்யும் அறிவியலாளர்களுக்கு அளிக்கப்படும் உயிர்காப்புப் பயிற்சியைக் கூர்ந்து நோக்கினால், பிறரைத் தொடாத தீங்கு என ஒன்று அங்கே உண்டா என்ற ஐயம் எழுகிறது.

நார்வேக்கு உரிய ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் 1993இல் நிறுவப்பட்ட பல்கலைக்கழக மையம், களத்துக்குச் செல்லும் மாணவருக்கு முதலில் பாதுகாப்பைக் கற்பிக்கிறது. பனியாற்றில் புதுப்பனி மூடிக் கண்ணுக்குத் தெரியாதிருக்கும் ஆழ்ந்த வெடிப்புகளாகிய பனிப்பிளவுகளைக் கயிற்றில் பிணைந்து கடப்பதும், உறைநீரில் விழுந்தவரை மீட்பதும் அதில் அடங்கும். எனினும் சிந்தனைக்கு மிகுந்த இடம் தருவது பனிச்சரிவுப் பயிற்சியே. சரிவில் திரண்ட பனி திடீரெனப் பெயர்ந்து ஆளைப் புதைத்துவிடும் இவ்விபத்தை எதிர்கொள்ள, ஒவ்வொருவரும் இடைவிடாது சமிக்ஞை அனுப்பும் அலைபரப்பி, பனிக்குள் செலுத்தித் தேடும் நீண்ட துழாவுகோல், மண்வாரி ஆகிய மூன்றையும் சுமக்கின்றனர். புதைந்தவரைச் சுற்றிப் பனி இறுகிவிடுவதால் அவரால் பெரும்பாலும் கையைக்கூட அசைக்க முடியாது. எனவே தம் துழாவுகோலும் மண்வாரியும் அவருக்குப் பயன்படா, அலைபரப்பியும் அதைக் கேட்க மற்றொருவர் இல்லையேல் வீணே. பிழைக்கும் வாய்ப்பு முதல் கால் மணி நேரத்துக்குள்ளேயே விரைந்து குறைவதால், வெளியிலிருந்து வரும் ஹெலிகாப்டரையும் நம்பியிருக்க இயலாது. ஆகவே ஒருவர் தம் முதுகில் சுமப்பது அடுத்தவரின் உயிர். அவருடைய உயிரோ அடுத்தவரின் முதுகில் இருக்கிறது. தனியொருவரை முதலில் வைத்து, அவர் பிறரோடு கொள்ளும் உறவைப் பின்னர் சேர்க்கும் கோட்பாடுகளுக்கு இந்த ஏற்பாடு எளிதில் அகப்படுவதில்லை.

இதே தீவுக்கூட்டத்தில், இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் 2008 முதல் இயங்கிவரும் நி-ஓலசுண்ட் என்னும் சிற்றூரில், கரடிக்கு அஞ்சி ஓடிவரும் எவரும் நுழையும்படி வீட்டுக் கதவுகளைப் பூட்டாமல் விடுவது வழக்கம். உடைமை என்னும் கருத்தே அங்குச் சற்று இளகிவிடுகிறது.

ஒருவருக்கொருவர் உயிரை ஒப்படைப்பதும் மனமொத்த உடன்பாடுதானே, அப்படியானால் மில்லின் கொள்கை கூட்டத்துக்கும் பொருந்துமே என்று வாதிடலாம். வலுவான வாதம்தான், ஆனால் உடன்பாடு உயிரைக் கைமாற்றித் தருவதில்லை, காக்கும் பொறுப்பையே தருகிறது. 1909 ஜனவரி 9 அன்று, தென் துருவத்துக்கு ஏறத்தாழ 180 கிலோமீட்டர் இருக்கையில், துருவப் பயணி எர்னஸ்ட் ஷாக்கிள்டன் தம் தோழர் மூவருடன் திரும்பினார். இன்னும் முன்னேறினால் திரும்பும் வழிக்கு உணவு போதாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அம்மூவரும் விரும்பியே வந்தவர்கள், ஆனாலும் அந்த விருப்பத்தை அவர் தம் இலக்குக்கு விலையாகச் செலவிடவில்லை. நால்வரும் உயிருடன் மீண்டனர். துருவப் பயண வரலாற்றில் வெற்றிகளைவிட இம்முடிவே உயர்ந்தது எனக் கொள்வதில் மிகையில்லை.

உடன்பாட்டை வைத்துக் கட்டிய எந்த வாதத்துக்கும் இறுதியில் இடறலாக நிற்பது துருவக்கரடி. அது எதற்கும் உடன்பட்டதில்லை. ஸ்வால்பார்டில் 1973 முதல் அதை வேட்டையாடத் தடை உண்டு. குடியிருப்புக்கு வெளியே செல்வோர் கரடியை வெருட்டி விரட்டும் சாதனம் வைத்திருக்க வேண்டும். 2025 முதல் கரடியிடமிருந்து 300 மீட்டரும், மார்ச் முதல் ஜூன் முடிய 500 மீட்டரும் விலகியிருக்க வேண்டும் எனச் சட்டம் விதிக்கிறது. உயிரிரக்கம் மிக்க ஒருவர், கரடியைக் கொல்வதைவிடத் தாம் இறப்பதே மேல் எனத் துணிந்து துப்பாக்கியின்றிச் செல்வதாகக் கொள்வோம். அத்தியாகமும் அவரோடு முடிவதில்லை, ஏனெனில் மனிதரைக் கொன்ற கரடி பெரும்பாலும் சுட்டுக் கொல்லப்படுகிறது. அவரைத் தேடிச் செல்லும் மீட்புக் குழுவினரும் அதே கரடியின் எதிரே நிற்க நேர்கிறது. அவர் தம்முடையது எனக் கருதி விட்டுக்கொடுத்த உயிரில் கரடிக்கும் பங்கு இருந்தது. இதனால்தான் பயிற்சியில் துப்பாக்கி கடைசி வழியாகவே வைக்கப்படுகிறது; பார்வை மறையும் இடங்களில் முகாம் இடாமை, இரவில் முறைவைத்து விழித்திருத்தல், தொலைவில் கரடி தென்பட்டதும் அளவீட்டைப் பாதியில் விட்டுவிட்டு விலகுதல் ஆகியவை அதற்கு முன்னரே கற்பிக்கப்படுகின்றன.