கூலிக்கு அடக்கவிலை உண்டா?

விலை என்பது வணிகர்களாகிய நமக்குப் புதிய சொல் அன்று. காலையில் கடையைத் திறந்தது முதல் இரவில் கதவைச் சாத்துகிறவரை விலையைத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். ஆனாலும், சென்ற மாதம் என் சகோதரி மகன் கேட்ட ஒரு கேள்விக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. நிக்காஹ், வலீமா, கடைத் திறப்பு, சங்கக் கூட்டம் முதலியவற்றுக்குச் சென்று போட்டோ பிடிப்பதை அவன் தன் தொழிலாகக் கொண்டிருக்கிறான். எந்த ஸ்டூடியோவிலும் சம்பளத்துக்கு இல்லை, தனி ஆள். "ஒரு நிக்காஹுக்குக் கூப்பிடுகிறார்கள், மாமா. எவ்வளவு கேட்டால் நியாயம்?" என்றான்.

எவ்வளவு கேட்டால் கிடைக்கும் என்று கேட்டிருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்பேன். நியாயம் எவ்வளவு என்றல்லவா கேட்டுவிட்டான்!

நம் கடைச் சரக்குக்கு ஓர் அடக்கவிலை இருக்கிறது. கொள்முதல், ஏற்றுக்கூலி, கடை வாடகை, ஆள் சம்பளம் எல்லாவற்றையும் கூட்டினால் அந்தத் தொகை வந்துவிடும். வாடிக்கைக்காரர் எவ்வளவு பேரம் பேசினாலும் அந்த இடத்தில் நின்றுவிடுவோம். "கட்டுப்படியாகாது, நானா" என்று சொல்லிச் சரக்கைத் திரும்ப அலமாரியில் வைத்துவிடுவோம். போட்டோ பிடிப்பவர் விற்பதோ தம் கண்ணையும் கையையும் நேரத்தையும். அதற்கு அடக்கவிலை உண்டா? உண்டென்றால் அது எங்கே எழுதியிருக்கிறது?

இருவருமாக உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஆறு மணி நேர நிக்காஹுக்கு 1,200 வெள்ளி என்று வைத்துக்கொண்டோம். மேலோட்டமாகப் பார்த்தால் மணிக்கு 200 வெள்ளி. கேட்கிற எவருக்கும் நெஞ்சு திடுக்கிடும். ஆனால் முன்கூட்டி வந்து பேசுவதற்கு இரண்டு மணி நேரம். சாமான்களைச் சரிபார்த்து மண்டபத்துக்குப் போய்த் திரும்ப இரண்டு மணி நேரம். பிடித்த 1,500 படங்களில் 400ஐப் பொறுக்கி எடுக்க மூன்று மணி நேரம். அந்த 400இல் ஒவ்வொன்றுக்கும் ஒளியும் நிறமும் சரிசெய்ய இரண்டு நிமிடம் என்றாலே பதின்மூன்று மணி நேரம். கடைசியில் ஒழுங்குபடுத்திக் கொடுக்க இரண்டு மணி நேரம். ஆக, ஆறு மணி நேர வேலை 28 மணி நேர வேலை ஆகிவிட்டது.

இனிச் செலவு. பெண்கள் பகுதியில் படம் எடுக்க வரும் பெண்மணிக்கு 300 வெள்ளி. கேமராவின் ஷட்டர் இத்தனை லட்சம் தடவை என்று ஒரு கணக்குக்குத்தான் செய்யப்படுகிறது. அது தேய்ந்துகொண்டே வரும். ஒரு கேமரா நின்றுபோனால் கல்யாணம் நிற்காது. ஆகவே இரண்டாவது கேமரா பையில் இருந்தாக வேண்டும். இந்தத் தேய்மானத்துக்கு 150 வெள்ளி. வண்டிச் செலவுக்கும் படங்களைப் பத்திரப்படுத்துவதற்கும் 50 வெள்ளி. மிச்சம் 700. மணிக்கு 25 வெள்ளி.

அத்துடன் முடியவில்லை. நிக்காஹ்கள் பெரும்பாலும் சனி, ஞாயிறுகளில்தான் நடக்கின்றன. ரமலானில் அநேகமாக இல்லை. வருடத்துக்கு 40 வேலை கிடைத்தால் 28,000 வெள்ளி. மாதத்துக்கு ஏறக்குறைய 2,330. நம் கடையில் வேலை செய்யும் 55 வயதுக்கு உட்பட்ட சிங்கப்பூர்க் குடிமகனுக்கு முதலாளியின் பங்காக மத்திய சேமநிதிக்கு முழு விகிதத்தில் 17 விழுக்காடு கட்டுகிறோம். தனித்தொழில் செய்பவனுக்கு அதைக் கட்ட ஒரு முதலாளி இல்லை. மாறாக, வருட நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் அவனே தன் மெடிசேவ் கணக்கில் கட்டியாக வேண்டும். காய்ச்சல் வந்து ஒரு சனிக்கிழமை படுத்துவிட்டால் அந்த வருமானம் போனதுதான்.

இந்தக் கணக்கைப் பார்த்ததும் 2019ஆம் ஆண்டு நடந்த ஒன்று என் நினைவுக்கு வந்தது. அதை இங்கே எழுதாமல் இந்தக் கட்டுரையை எழுதுவது யோக்கியம் ஆகாது.

அந்த ஆண்டு என் கடைசித் தம்பிக்கு நிக்காஹ். வாப்பா இல்லாத வீடு, மூத்தவன் நான், செலவெல்லாம் என் கையில். போட்டோவுக்கு நம்மவரான ஓர் இளைஞர் வந்தார். 1,200 வெள்ளி கேட்டார். நான் 850இல் நின்றேன். "அந்தத் தொகைக்குப் பெண்கள் பகுதிக்கு ஆள் கூட்டிவர முடியாது, நானா" என்று அவர் வெளிப்படையாகவே சொன்னார். "அங்கே எதற்குத் தம்பி? பிள்ளைகள் கைப்பேசியில் எடுத்துக்கொள்ளும்" என்றேன். 350 வெள்ளியை மிச்சம் பிடித்துவிட்டேன் என்று அன்றிரவு எனக்குப் பெருமைகூட இருந்தது.

அவர் சொன்னபடி வந்தார்; சொன்னபடி செய்தார். ஆண்கள் பகுதிப் படங்களில் ஒரு குறையும் இல்லை. 2021இல் எங்கள் உம்மா மௌத்தாகிவிட்டார்கள். அதன்பிறகுதான் அந்தப் படங்களை நாங்கள் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். மாப்பிள்ளையின் தாயார் அன்று முழுவதும் பெண்கள் பகுதியில் இருந்தார்கள். எந்தப் படத்திலும் அவர்கள் இல்லை. ஒரு பிள்ளை கைப்பேசியில் எடுத்த படம் ஒன்றில், யாரோ ஒருவர் தோளுக்குப் பின்னால், பாதி முகம் மங்கலாகத் தெரிகிறது. அந்த 350 வெள்ளியை எதற்குச் செலவழித்தேன் என்பது எனக்கு இன்று நினைவில்லை.

பேரம் பேசியது குற்றமா? பேரம் வணிகத்தில் ஆகுமான காரியம்தான். நாமும் பேசுகிறோம், நம்மிடமும் பேசுகிறார்கள். ஆனால் சரக்கு விற்பவருக்கும் உழைப்பு விற்பவருக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. இன்று விற்காத துணி நாளை விற்கும். இன்று விற்காத சனிக்கிழமை நாளை விற்காது. ஆகவே வெறுங்கையோடு இருப்பதைவிடக் கிடைத்தது போதும் என்று உழைப்பவர் இறங்கிவருவார். அவர் இறங்கிவந்தார் என்பதாலேயே இறங்கிய விலை நியாயமான விலை என்று ஆகிவிடாது. நாம் அவருடைய இலாபத்தைக் குறைப்பதாக எண்ணுகிறோம். உண்மையில் வேலையில் ஏதோ ஒன்றைக் குறைக்கிறோம். எது குறைகிறது என்று அப்போது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. என் விஷயத்தில் அதைச் சொல்லியும் எனக்குத் தெரியவில்லை.

14ஆம் நூற்றாண்டு அறிஞர் இப்னு கல்தூன் தமது 'முகத்திமா'வில், மனிதன் ஈட்டும் பொருள் அவன் உழைப்பின் மதிப்பே என்கிறார். தச்சு வேலையிலும் நெசவிலும் மரமும் நூலும் சேர்ந்திருந்தாலும் உழைப்பே மிகுதி, ஆகவே அதன் மதிப்பே பெரிது என்பது அவர் கருத்து. போட்டோவில் மரமும் இல்லை, நூலும் இல்லை. அநேகமாக முழுவதும் உழைப்பே. மத்ரஸாவில் ஓதியவர்களுக்கு 'உஜ்ரத்துல் மிஸ்ல்' என்ற சொல் நினைவிருக்கும்: கூலி பேசாமல் வேலை வாங்கிவிட்டால், அந்த ஊரில் அத்தகைய வேலைக்கு வழங்கும் கூலியைக் கொடுத்துவிட வேண்டும். கூலிக்கு ஓர் அளவுகோல் உண்டு என்பதற்கு இதுவே போதும்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். "கல்யாணம் என்று வாயைத் திறந்தாலே இவர்கள் விலையை ஏற்றிவிடுகிறார்கள்" என்று நம்மில் பலர் குறைப்படுகிறோம். அதில் பாதி நியாயம் உண்டு. கடைத் திறப்பு விழாவில் ஒரு படம் தவறினால் மீண்டும் நாடாவைக் கட்டி வெட்டலாம். நிக்காஹை மீண்டும் நடத்த முடியாது. அந்தப் பொறுப்புக்காகக் கூடுதல் கேட்பது சரியே. ஆனால் வீட்டு வாசலில் நிற்கும் காரைப் பார்த்து விலை சொல்வது சரியன்று. ஒரே வேலைக்கு எல்லாருக்கும் ஒரே விலை இருக்க வேண்டும். ஏழை வீட்டுக்குக் குறைக்க விரும்பினால், "விலை இவ்வளவு, இதில் இவ்வளவு என் அன்பளிப்பு" என்று சொல்லிக் குறைக்கலாம். அப்போது விலையும் கெடாது, அன்பும் மறையாது.

உறவுக்காரர் விஷயத்திலும் இதுவே முறை. "நம்ம பிள்ளைதானே, சும்மா வந்து எடுக்கட்டும்" என்கிறோம். சும்மா கொடுப்பது கொடுக்கிறவரின் உரிமை. கேட்டு வாங்குகிறவருக்கு அந்த உரிமை எங்கிருந்து வந்தது? நம்ம பிள்ளை என்றால் ஒரு வெள்ளி கூட்டிக் கொடுப்பதல்லவா முறை? நம் கடைக்கு வந்து, "உறவுதானே" என்று ஒருவர் மாதந்தோறும் ஓர் அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனால் நாம் எத்தனை மாதம் சிரித்துக்கொண்டிருப்போம்?

இத்தொழிலில் உள்ள இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. எத்தனை மணி நேரம், எத்தனை படம், எந்தத் தேதியில் கொடுப்பது, முன்பணம் எவ்வளவு, நிகழ்ச்சி நின்றால் என்ன செய்வது என்பதையெல்லாம் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். 2021 நவம்பரில் சிங்கப்பூரில் நடப்புக்கு வந்த புதிய பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கும் முதல் உரிமை எடுத்தவருக்கே. நம் வீட்டுப் பெண்களின் படம் உங்கள் விளம்பரத்தில் வரலாமா கூடாதா என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள். தகராறு வந்தால் 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளைச் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் விசாரிக்கும். ஆனால் தெளிவாக எழுதிய தாள் இருந்தால் அங்கே போகவேண்டிய தேவையே பெரும்பாலும் வராது. விலையைக் குறைக்க நேர்ந்தால் வேலையில் எதைக் குறைக்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். வாயால் சொன்னது என் காதில் ஏறவில்லை. எழுத்தில் பார்த்திருந்தால் ஒருவேளை யோசித்திருப்பேன்.

என் சகோதரி மகன் 1,200 வெள்ளியே கேட்டான். பெண் வீட்டார் நமக்குத் தெரிந்த வணிகர்தாம். என்னைக் கடைக்கே தேடிவந்து, "உங்கள் மருமகனிடம் கொஞ்சம் சொல்லிக் குறையுங்கள், நானா" என்றார். "குறைக்கலாம். அதற்கு முன், எந்தப் படம் உங்களுக்கு வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள்" என்றேன். பிறகு எங்கள் உம்மாவின் பாதி முகம் தெரியும் அந்தப் படத்தை அவரிடம் காட்டினேன். அவர் சற்று நேரம் அதைப் பார்த்துவிட்டு, முன்பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார்.