ஆறாத மூட்டும் அளவறிந்த முயற்சியும்

ஒருமுறை பழுதுற்றால் முழுமையாகப் பழைய நிலையை அடையாத உறுப்புகள் சில நம் உடலில் உண்டு. மூட்டு அவற்றுள் ஒன்று. அவ்வாறு பழுதுற்ற மூட்டை உடையவர், அதைச் சூழ்ந்த தசைகளுக்கு வலிமை சேர்க்க இடைவிடாது பயில்வது அறமா, அன்றி வெறும் உடற்பற்றா? இது மருத்துவரிடம் மட்டும் கேட்டுத் தெளியும் வினா அன்று. வினைக் கொள்கையை ஏற்று வாழும் நாம் நம்மையே கேட்டுத் தெளிய வேண்டிய வினாவாகும்.

ஊத்துக்குளிக்கு வெண்ணெயால் வந்த பெயர் பழையது. இன்று அவ்வூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்குச் சோறிடுவது பனியன் தொழில். அத்தொழிலில் கட்டிங் மேசை முன் நாள் முழுதும் நின்று துணி வெட்டும் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். வண்டியிலிருந்து விழுந்து முழங்காலில் மக்கள் ஜவ்வு என்று கூறும் பிணைப்பு நார் அறுந்தது, குருத்தெலும்பும் சிதைந்தது. "இனி இம்மூட்டு முன்போல் ஆகாது" என்று மருத்துவர் கூறிவிட்டார். வீட்டுப் பெரியவர், "எல்லாம் வினைப்பயன், தம்பி, காலை அசைக்காமல் இரு" என்கிறார். உடன் வேலை செய்பவரோ, "வலியைப் பார்க்காதே, எடையைத் தூக்கு, எல்லாம் சரியாகும்" என்கிறார். அன்பினால் பிறந்த இவ்விரு அறிவுரைகளும் நெறி தவறியவை என்பதே நம் கருத்து.

முதலில் உடலின் இயல்பை நோக்குவோம். குருத்தெலும்புக்குக் குருதி நாளங்கள் இல்லை. ஆதலால் அது சிதைந்தால் தானாக நன்கு வளர்ந்து கூடுவதில்லை. மூட்டினுள் உள்ள நீரிலிருந்தே அது ஊட்டம் பெறுகிறது. மூட்டு அசைந்து, சுமை ஏறி இறங்கும்போதே அவ்வூட்டம் செவ்வனே சேர்கிறது. மேலும், முழங்கால் வீங்கினால் முன்தொடைத் தசை தன் முழு விசையோடு சுருங்க இயலாமல் தடைப்படுகிறது. சில வாரங்களில் மெலிந்தும் போகிறது. மெலிந்த தொடை தாங்காத சுமை மூட்டின் மேலேயே விழுகிறது. அசையாதிருப்பது மூட்டைக் காப்பதாகத் தோன்றி, அதன் துணையைப் பறித்துவிடுகிறது.

இவ்வுண்மையைச் செயலில் காட்டியவர்களுள் ஒருவர் தாமஸ் டிலோர்ம் என்னும் அமெரிக்க இராணுவ மருத்துவர். இரண்டாம் உலகப் போரில் கால் முடங்கிய வீரர்களுக்குச் சிகாகோ இராணுவ மருத்துவமனை ஒன்றில் அவர் சிகிச்சை அளித்தார். இலேசான எடையைப் பல முறை தூக்கச் செய்வதே அதுவரை வழக்கம். அவரோ பத்து முறை மட்டும் தூக்க இயலும் எடையை அளந்து கண்டு, வலிமை கூடக்கூட அதனைப் படிப்படியாக உயர்த்தினார். 1945-இல் அம்முறையை வெளியிட்டார். இளமையில் வாதக் காய்ச்சலால் வாடிய அவர், எடைப் பயிற்சியால் தம் உடலைத் தேற்றிக்கொண்டவர் என்பதும் குறிப்பிடத்தக்கது.

இனி வினைக்கு வருவோம். மூட்டின் உறுதியைப் பற்றி ஜைன ஆகமம் பேசுவது போல் நுட்பமாகப் பேசும் சமய நூல்கள் அரியவை. என்பும், அதன் கட்டும், ஆணியும் வயிரம் போன்றமைந்த வஜ்ர விருஷப நாராசம் முதலாக அறுவகை ஸம்ஹனனங்களை அது கூறுகிறது. அவற்றைத் தருவது நாம வினை. பஞ்சம காலத்தில் பிறந்த நமக்கு அம்முதல் வகை இல்லை. ஆகவே மூட்டு பழுதாவது நமக்கு இழுக்கும் அன்று, வியப்பும் அன்று. ஆயின் முயற்சியைத் தடுப்பது நாம வினை அன்று. அது வீரியாந்தராயம் என்னும் வேறொரு வினை. நாம வினை அகாதி வினைகளுள் ஒன்று. உயிரின் குணங்களை அது கெடுப்பதில்லை. வீரியாந்தராயமோ காதி வினை. உயிரின் ஆற்றலையே மறைப்பது. "மூட்டு போயிற்று, எனவே முயற்சியும் போயிற்று" என்பவர் ஒரு வினையின் பயனை மற்றொரு வினையின் தலையில் ஏற்றுகிறார். முழங்கால் இழந்ததை மனமும் இழக்க வேண்டும் என்று எந்த நூலும் விதிக்கவில்லை.

"உடல் வேறு, உயிர் வேறு என்று உணர்ந்தவர்க்கு உடலை வளர்ப்பது தகுமோ?" என்று சிலர் வினவலாம். ஊத்துக்குளிக்கு அருகிலுள்ள விஜயமங்கலத்தில், சாமுண்டராயரின் உடன்பிறந்தாள் புள்ளப்பை சல்லேகனை நோற்று உயிர் நீத்ததைக் கூறும் நிசீதிகைத் தூண் உண்டு. உடலைத் துறந்தவரைப் போற்றும் மண்ணில் உடற்பயிற்சியைப் புகழலாமா என்ற ஐயம் இயல்பே. அதற்கு விடை சமந்தபத்திரரிடமே கிடைக்கிறது. பேரிடர், பஞ்சம், மூப்பு, பிணி ஆகியவை மாற்று வழியற்றனவாக வந்தபோதே சல்லேகனை தகும் என்று அவர் வரையறுத்தார். ஆறாத மூட்டு மாற்று வழியற்ற மூட்டு ஆகாது. அதைத் தாங்கத் தொடை உண்டு, இடுப்பு உண்டு, மறுகால் உண்டு. மாற்று வழி இருக்கும்வரை அறம் செய்யும் கருவியாகிய உடலைக் காப்பது இல்லறத்தாரின் கடமையாகும். முழங்கால் தளர்ந்தவுடன் பொன்னூர் மலைப் படிகளை மறந்துவிட்டவர் நம் குடும்பங்களில் இல்லையா? தரையில் அமர்ந்து எழ இயலாமல் ஆலயத்துக்குச் செல்வதையே குறைத்துக்கொண்ட தாய்மார் இல்லையா? வலிமை குன்றும்போது அறமும் சிறிது சிறிதாகக் குன்றுகிறது.

மறுபுறத்தையும் மறத்தல் ஆகாது. எண்வகைச் செருக்கினுள் வலிமைச் செருக்கும் உடற்செருக்கும் அடங்கும். வலி எச்சரிக்க, வீக்கம் எச்சரிக்க, பிறர் பார்க்கத் தூக்குவது முயற்சி அன்று. தன்னுயிர்க்கே இழைக்கும் இம்சை. தவத்தையும் தன்னை வருத்தும் வெறியையும் பிரிப்பது விவேகமே.

சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலுவின் வாழ்வு இங்கு நினைக்கத் தக்கது. ஐந்து வயதில் பேருந்து ஏறி அவருடைய வலக்கால் முழங்காலுக்குக் கீழே சிதைந்தது. அது மூட்டுக்கு மட்டும் நேர்ந்த காயம் அன்று. ஆயினும் ஆறாத காயமே. 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்றார். 2021-இல் நடந்த டோக்கியோ போட்டியில் வெள்ளியும், 2024-இல் பாரிசில் வெண்கலமும் பெற்றார். இத்தனைக்குப் பின்னும் அக்கால் பழைய கால் ஆகவில்லை. மாறாததை மாறாததாகவே ஏற்று, மாறக்கூடியதை முழுமையாக வளர்த்தார் என்பதே நாம் கொள்ள வேண்டிய பொருள்.

இவ்வாறு ஏற்பதற்கும் வளர்ப்பதற்கும் இடையே நிற்பது அளவு. அதை நம் விரதங்களே கற்பிக்கின்றன. திக்விரதம் பூண்டவர் வாழ்நாள் முழுமைக்கும் ஓர் எல்லை வகுக்கிறார். தேசாவகாசிகம் பூண்டவர் அவ்வெல்லைக்குள் இன்றைக்கு என்று மேலும் ஓர் எல்லை வகுக்கிறார். பழுதுற்ற மூட்டுக்கும் இவ்விரு எல்லைகள் உண்டு. முழங்கால் எவ்வளவு மடங்கலாம் என்பது நிலையான எல்லை. இன்று எவ்வளவு சுமை ஏற்கலாம் என்பது அன்றன்று வகுக்கும் எல்லை. முழுதும் குந்த இயலாதவர் நாற்காலி உயரம் வரை அமர்ந்து எழலாம். அதுவும் இயலாதவர் காலை நீட்டித் தொடைத் தசையை இறுக்கித் தளர்த்தலாம். வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள் போதும். பயிற்சியின்போது எழுந்த வலி மறுநாள் காலைக்குள் தணிந்தால் அளவு சரி. வீக்கம் கூடினால் அளவைக் குறைக்க வேண்டும். தமக்குரிய பயிற்சியை இயன்முறை மருத்துவரிடம் கேட்டறிந்தே தொடங்குதல் நன்று.

அணுவிரதி துறவியைப் போல் அனைத்தையும் விடுவதில்லை. எனினும் தான் ஏற்ற சிறிய அளவை வழுவாது காக்கிறார், அதனாலேயே உயர்கிறார். பழுதுற்ற மூட்டோடு பயில்பவரும் அத்தகையரே. அவர் தூக்கும் எடை சிறிதாயினும், எல்லை கடவாமையும் இடைவிடாமையும் சிறியன அல்ல. நம் இல்லங்களில் மூட்டு தளர்ந்தவர்களை 'வினை' என்று கூறி மூலையில் அமர்த்தாமலும், 'வீரம்' என்று கூறி வருத்தாமலும், அவரவர் அளவறிந்து எழுந்து நிற்கத் துணை செய்வோமாக.