மீட்டர் வெளிச்சம்

"தம்பி, கார்ல மீட்டர் லைட்டு ரொம்ப மங்கிப்போச்சு. லீவுக்கு வரும்போது அதக் கொஞ்சம் பாரு." போன வருஷம் அப்பா போனில் சொன்னார். வீட்டில் நிற்பது 1983 மாடல் அம்பாசடர். அப்பா என்னிடம் எதையும் கேட்கிற ஆள் இல்லை. அதனாலேயே உற்சாகமாகத் தலையாட்டினேன்.

பழைய கார்களில் மீட்டர் மங்குவதற்குப் பெரிய மர்மம் ஒன்றும் கிடையாது. முள்ளுக்குப் பின்னால், டப்பாவுக்குள் 2.2 வாட் இழை பல்ப் ஒன்றோ இரண்டோ இருக்கும். அதன் ஒளி நேராகக் கண்ணுக்கு வராது. டப்பாவின் உட்சுவரில் பட்டுச் சிதறித்தான் எண்களின்மேல் விழும். நாற்பது வருஷத்தில் உட்சுவரின் வெள்ளை பழுப்பாகிவிடும். பல்பின் கண்ணாடி உள்ளே கறுத்துவிடும். ஹோல்டரில் துரு ஏறி எர்த் சரியாகக் கிடைக்காது. கடைசியாகச் சொன்னதுதான் முக்கியமான திருடன். இழை பல்புக்கு வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்துவிடும். அதனால் புது பல்ப் வாங்க ஓடுவதற்கு முன்னால் கையில் எடுக்கவேண்டியது உப்புத்தாள்.

ஹோல்டர்களைத் தேய்த்தேன். தனியாக ஒரு எர்த் வயர் இழுத்தேன். டப்பாவுக்குள் வெள்ளை பெயின்ட் அடித்துக் காயவைத்தேன். ராத்திரி ஏழு மணிக்கு சுவிட்சைப் போட்டபோது எண்கள் அவ்வளவு தெளிவாக இருந்தன. அம்மாவைக்கூடக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அப்பா சீட்டில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தார். "பரவால்ல. இன்னும் கொஞ்சம் கூட்ட முடியாதா?"

எனக்கு அது போதுமான வெளிச்சத்துக்கும் மேலே. ஆனால் வயதாக ஆகக் கண்ணின் பாப்பா சுருங்கும், லென்ஸ் மஞ்சளாகும். இருபது வயதுக்காரரின் விழித்திரைக்கு வருகிற ஒளியில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதுக்காரருக்குப் போய்ச் சேருகிறது. அப்பாவுக்கு 67. எனக்கு இது தெரியும். தெரிந்தும் மறுநாள் கடைக்குப் போய் எல்.இ.டி பல்புகள் வாங்கிவந்தேன்.

மென்பொருள் வேலையில் இந்தக் கெட்ட பழக்கம் எங்களுக்கு உண்டு. புகாரில் என்ன எழுதியிருக்கிறதோ அதை மட்டும் சரிசெய்துவிட்டு மூடிவிடுவோம். எழுதியவருக்கு உண்மையில் என்ன பிரச்சினை என்று கேட்டால் வேலை நீளும். பல்ப் மங்கியிருந்தது உண்மைதானே? நான் பொய் எதுவும் சொல்லவில்லையே? இப்படித்தான் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

எல்லா பல்பையும் மாற்றினேன், சார்ஜிங் காட்டும் சிவப்பு லைட் உட்பட. இரண்டு நாளில் பேட்டரி இறங்கிவிட்டது. ஆட்டோ எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துச் சிரித்தார். "சார், இது வெறும் லைட்டு இல்ல. ஆல்டர்னேட்டருக்கு முதல் கரண்ட்டே இது வழியாத்தான் போகுது." எங்கள் வண்டியில் பழைய டைனமோவைக் கழற்றி ஆல்டர்னேட்டர் மாட்டியிருந்தோம். அது சார்ஜ் பண்ண ஆரம்பிக்க அந்தச் சின்ன பல்ப் வழியாகப் போகும் 180 மில்லி ஆம்பியர் வேண்டும். எல்.இ.டி அதில் பத்தில் ஒரு பங்குகூட விடாது. அவர் பழைய பல்பைத் திரும்ப மாட்டினார், எல்லாம் சரியாகிவிட்டது. செய்தி சொல்ல மட்டும் இருக்கிறது என்று நான் நினைத்த விளக்கு, வண்டியை ஓடவைக்கிற வேலையிலும் பங்கெடுத்துக்கொண்டிருந்தது. இது பல நாள் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது.

மீட்டர் இப்போது ஜெகஜ்ஜோதி. அப்பாவுக்குச் சந்தோஷம். அன்று ராத்திரி மேலூரிலிருந்து சிவகங்கை போகிற ரோட்டில் வண்டியை எடுத்தார். நான் பக்கத்து சீட்டில். கொஞ்ச தூரத்திலேயே எனக்கு ரோடு முன்பைவிட இருட்டாகத் தெரிந்தது. கண் இருட்டுக்கு முழுசாகப் பழக அரை மணி நேரம் ஆகும். அதைக் கெடுக்கச் சில விநாடி வெளிச்சம் போதும். சாப் கார்களில் இதற்காகவே ஒரு பொத்தான் வைத்திருந்தார்கள். அழுத்தினால் ஸ்பீடோமீட்டர் தவிர மற்றதெல்லாம் அணைந்துவிடும். கோளாறு வந்தால் சம்பந்தப்பட்ட விளக்கு தானாக எரியும். நானோ நேர் எதிராக, கண்ணுக்கு முன்னால் ஒரு கல்யாண வீட்டை ஜோடித்து வைத்திருந்தேன்.

பின்விளக்கு இல்லாத டிராக்டர் ட்ரெய்லர் ஒன்று முன்னால் போய்க்கொண்டிருந்தது. நான் பார்த்துவிட்டேன். அப்பா வேகத்தைக் குறைக்கவில்லை. "அப்பா, டிராக்டர்!" என்று கத்தினேன். பிரேக் அடித்தார். ட்ரெய்லரின் மேல் படுத்திருந்த பையன் எழுந்து உட்கார்ந்து எங்களைப் பார்த்தான்.

"எதுத்தாப்ல வந்தவன் ஹைபீம் போட்டுட்டான்" என்றார் அப்பா.

எதிரே வண்டி எதுவும் வரவில்லை. "ஆமாப்பா" என்றேன்.

அப்பா மனசு நோகக் கூடாது என்பது நல்ல விஷயம்தான். ஆனால் அதுவரை நான் போட்ட கணக்கில் அவரும் நானும் மட்டுமே இருந்தோம். அவருடைய கௌரவத்துக்கு நான் கொடுத்த விலையை அந்தப் பையன் கட்டியிருப்பான், அவனைக் கேட்காமலே. நான் அவனைப் பார்க்காமல் இருந்திருந்தால் இன்னும் சில மாதம் பல்பைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

வீட்டு வாசலில் வண்டி நின்றதும் சொன்னேன். "பல்பு பாதிக் காரணம்தான்பா. கண்ணையும் ஒருதடவ காட்டிருவோம்." அப்பா பதில் சொல்லவில்லை. மீட்டர் விளக்கை அணைத்தார், சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே "டாக்டர் எத்தன மணிக்கு வருவாரு?" என்று கேட்டார். இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷன் முடியும்வரை ராத்திரியில் ஓட்டக் கூடாது.

எல்.இ.டி-களைக் கழற்றிவிட்டுப் பழைய மாதிரி இழை பல்புகளையே போட்டேன். வெள்ளை அடித்ததும் புது எர்த்தும் அப்படியே இருக்கின்றன. அந்த வெளிச்சம் சரியாகத்தான் இருக்கிறது.

அடுத்த வாரம் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போய்விட்டு ராத்திரி திரும்பினோம். நான் ஓட்டினேன். அப்பா இடது பக்கம். வண்டி கொஞ்சம் வேகம் எடுத்ததும் மீட்டர் பக்கம் சாய்ந்து பார்த்துவிட்டு, "எவ்வளவுல போற?" என்றார்.

"அறுபதுப்பா."

முள் எழுபதைத் தாண்டியிருந்தது.