புகழாசை குற்றமா?

வீட்டில் ஒரு பிள்ளை நன்றாய்ப் பாடுகிறது. அல்லது தாளம் கேட்டவுடன் அதன் கால் தானே ஆடத் தொடங்குகிறது. வந்த விருந்தினர் முன்பாக அதை நிறுத்திப் பாடச் சொல்லுகிறோம், எல்லோரும் கைதட்டுகிறார்கள். தாய் பூரித்துப்போகிறாள். தகப்பனோ, இந்தக் கைதட்டலே பிள்ளையைக் கெடுத்துவிடுமோ என்று உள்ளுக்குள் கலங்குகிறான். இருவரில் யார் பக்கம் நியாயம்? புகழை விரும்புவது குற்றமா? குற்றமில்லை என்றால், எதுவரையில் குற்றமில்லை? பிள்ளைகளைப் பெற்றவர்கள் ஒருநாளேனும் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

இக்கேள்வியை வாரந்தோறும் ஒரு கதையாக்கிக் காட்டிய தொலைக்காட்சித் தொடர் ஒன்று 1982-ம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவில் தொடங்கிற்று. 'ஃபேம்' என்பது அதன் பெயர். புகழ் என்று பொருள். 1980-ல் ஆலன் பார்க்கர் இயக்கிய அதே பெயருள்ள திரைப்படத்திலிருந்து அது பிறந்தது. நியூயார்க் நகரில் நாட்டியம், இசை, நாடகம் ஆகிய கலைகளுக்கென்றே நடந்துவந்த ஓர் உயர்நிலைப் பள்ளிதான் இரண்டுக்கும் களம். அது வெறும் கற்பனைப் பள்ளியன்று. 1940-களின் பிற்பகுதியில் பொதுப் பள்ளியாகத் தொடங்கப்பட்டு, 46-வது தெருவில் நெடுங்காலம் இருந்தது. 1984-ல் லிங்கன் சென்டர் அருகில் புதுக்கட்டிடத்துக்கு மாறி, லகார்டியாவின் பெயரால் இன்றும் நடக்கிறது. அங்கே சம்பளம் கட்டவேண்டியதில்லை. ஆனால் வாசலில் சோதனை உண்டு. ஆடிக்காட்ட வேண்டும், பாடிக்காட்ட வேண்டும். தேறினால் உள்ளே; இல்லையேல் வீடு.

தொடரில் நாட்டிய ஆசிரியையாக டெபி ஆலன் நடித்தார். நடனங்களை அமைத்தவரும் அவரே. அதற்காக எம்மி விருதும் பெற்றார். கையில் கோலை ஊன்றிக்கொண்டு அந்த ஆசிரியை மாணவர்களுக்குச் சொல்லும் எச்சரிக்கை தொடரின் முகப்பிலேயே வரும். புகழ் சும்மா வராது, அதற்கு விலை உண்டு, அந்த விலையை வியர்வையாகக் கட்டத் தொடங்கும் இடம் இதுதான் என்பதே அதன் கருத்து.

நல்ல உபதேசந்தான். உழைக்காமல் பேர் வாங்க நினைப்பவனுக்கு அது சரியான சூடு. ஆனால் அது பாதி உண்மை. விலை உண்டு என்பது மெய்யே. அதை யார் யார் கட்டுகிறார்கள் என்பதல்லவா மீதிக் கேள்வி?

திரைப்படத்தில் லீராய் என்ற இளைஞன் வருகிறான். அவன் பள்ளியில் சேர வந்தவனே அல்லன். தோழி ஒருத்தி சோதனைக்கு ஆட வருகிறாள். அவளுக்குத் துணையாக அவனும் ஆடுகிறான். ஆசிரியர்களின் கண் அவன்மேல் விழுகிறது. அவனுக்கு இடம் கிடைக்கிறது. ஆசையோடு வந்தவளுக்குக் கிடைக்கவில்லை. அதன்பின் கதை அவனோடு போகிறது, அவளோடு போகவில்லை. நாமும் அவளை மறந்துவிடுகிறோம். ஒரே வீட்டில் பாடத் தெரிந்த பிள்ளையும் பாடத் தெரியாத பிள்ளையும் இருக்கும்போது, நம் கண் யாரோடு போகிறது என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

அதே லீராய்க்குப் படிப்பு ஏறவில்லை. ஆங்கில ஆசிரியை விட்டுக்கொடுக்கவுமில்லை. படிப்பு முடியும் தறுவாயில் பெரிய நாட்டியக் குழு ஒன்றில் அவனுக்கு வாய்ப்பு வருகிறது, தேறினால்தான் போகமுடியும். மதிப்பெண்ணுக்காக ஆசிரியையைத் தேடி மருத்துவமனைக்கே போய்விடுகிறான். அங்கே அவள் கணவர் நோயாய்க் கிடக்கிறார். இவன் தன் வாய்ப்பைப் பற்றியே பேசுகிறான். நீங்கள் உங்களைத் தவிர வேறு எவரையாவது நினைப்பதுண்டா என்று அவள் மனம் வெதும்பிக் கேட்கிறாள். அப்போதுதான் அவனுக்கு உறைக்கிறது, எதிரே நிற்பவளுக்கும் ஒரு துன்பம் உண்டென்று.

நம் கேள்விக்கு விடையின் முதல் அடி இங்கே கிடைக்கிறது. அவன் ஆடியது குற்றமன்று; முன்னேற நினைத்ததும் குற்றமன்று. அந்த நினைப்பு வளர்ந்து வளர்ந்து, பக்கத்தில் அழுகிறவளின் முகத்தை மறைத்ததே, அதுதான் குற்றம்.

இதைப் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் தெளிவாக ஆராய்ந்திருக்கிறார். தன்னிடமுள்ள நன்மையைத் தானறிவது பாவமன்று, தன் நற்செயல்களைப் பிறர் அறிய விரும்புவதும் பாவமன்று என்பது அவர் முடிவு. வீண் பெருமையே பாவம். பெருமை வீணாவது மூன்று வழியில். முதலாவது, புகழுக்குத் தகாத அற்பப் பொருளுக்காகப் புகழைத் தேடுவது. இரண்டாவது, நிச்சயமில்லாத தீர்ப்புச் சொல்லும் மனிதரிடம் அதைத் தேடுவது. மூன்றாவது, அப்புகழைச் சர்வேசுரனுடைய மகிமைக்கோ பிறர் நன்மைக்கோ திருப்பாமல் தன்னளவிலே நிறுத்திக்கொள்வது.

மனிதரின் தீர்ப்பு எவ்வளவு நிச்சயமற்றது என்பதற்கு இத்தொடரே சாட்சி. இரண்டு பருவங்கள் ஒளிபரப்பியபின், 1983-ல், அமெரிக்காவின் என்.பி.சி. நிறுவனம் பார்ப்பவர் போதவில்லையென்று அதை நிறுத்திவிட்டது. பிரிட்டனிலோ 1982-ல் அதன் பாடல் தட்டு விற்பனையில் முதலிடம் பெற்றிருந்தது. பாட்டு அதே பாட்டு. ஆட்டம் அதே ஆட்டம். ஒரு கரையில் வேண்டாம் என்றார்கள், மறுகரையில் கொண்டாடினார்கள். பிறகு தனித்தனி நிலையங்கள் வழியாக 1987 வரை அது ஓடிற்று. எந்தக் கரையின் தீர்ப்பைக் கொண்டு அந்தப் பிள்ளைகள் தங்கள் மதிப்பை அளந்துகொள்வது?

அதில் நடித்தவர்களில் இருவரை மட்டும் நினைத்துப் பார்ப்போம். லீராயாக நடித்த ஜீன் ஆன்டனி ரே உண்மையிலேயே பிறவி ஆட்டக்காரர். ஹார்லெமில் வளர்ந்தவர், அந்தப் பள்ளியிலேயே கொஞ்சநாள் படித்துவிட்டு வெளியேறியவர். இருபது வயது நிரம்புமுன்னே உலகெங்கும் அவர் பேர் பரவியது. தொடர் முடிந்தபின் அத்தனை பெரிய வாய்ப்பு மறுபடி வரவில்லை. 2003-ல், 41-வது வயதில் அவர் காலமானார். இதை அவர்மேல் குறை சொல்லச் சொல்லவில்லை. அவர் கொடுத்த மகிழ்ச்சி மெய்யானது. ஆனால் கைதட்டிய உலகம் கைதட்டல் முடிந்தபின் அவரைத் தாங்கி நிற்கவில்லை. தாங்குவது கைதட்டலின் வேலையும் அன்று.

மற்றவர், இசை ஆசிரியராக நடித்த ஆல்பர்ட் ஹேக். 1920-ல் பெர்லினில் யூத வம்சத்தில் பிறந்து, ஹிட்லர் ஆட்சிக் காலத்தில் நாட்டைவிட்டு வெளியேறி அமெரிக்கா வந்து சேர்ந்தவர். அவர் முதலில் நடிகரல்லர்; இசையமைப்பாளர். 1966-ல் வந்த கிறிஸ்துமஸ் கார்ட்டூன் படம் ஒன்றுக்கு, பண்டிகையைத் திருடப் பார்த்த க்ரிஞ்சின் கதைக்கு, அவர் அமைத்த மெட்டுக்களை இன்றும் அந்நாட்டில் ஆண்டுதோறும் குடும்பத்தோடு கேட்கிறார்கள். கேட்கிறவர்களில் பலருக்கு அவர் பேரே தெரியாது. அதனால் அந்தப் பாட்டின் இனிமை குறைந்துவிட்டதா? பேர் தெரியாமலே ஒருவனுடைய வேலை பிறருக்குப் பயன்படக்கூடும். பேர் தெரிந்தும் ஒருவன் தனியே நிற்கக்கூடும். ஆகவே பேரும் பயனும் ஒன்றல்ல.

நம் வள்ளுவரும் புகழை ஒதுக்கவில்லை. அதற்கென்றே ஓர் அதிகாரம் வைத்தார். அதை எங்கே வைத்தார் என்பதைக் கவனியுங்கள்: இல்லறவியலின் கடைசியில், ஈகைக்கு அடுத்தபடியாக. முதலில் கொடு; பிறகு புகழ். கொடுத்தவனைத் தேடிப் புகழ் வரட்டும். புகழைத் தேடி அவன் அலைய வேண்டாம். வீட்டு வாழ்க்கையின் முடிவில் பழுக்கும் கனியாகப் புகழை வைத்தவர், அதை விதையாக வைக்கவில்லை.

ஆகையால் கலங்கும் தகப்பனுக்கும் பூரிக்கும் தாய்க்கும் நடுவே ஒரு வழி உண்டு. பிள்ளையின் வரத்தை மண்ணில் புதைக்க வேண்டாம். பாட வருகிற பிள்ளை பாடட்டும், அதற்கு வேண்டிய உழைப்பையும் கற்றுக்கொள்ளட்டும். ஆனால் பாட்டு முடிந்ததும் நம் முதல் கேள்வி, "எத்தனை பேர் கைதட்டினார்கள்?" என்பதாய் இருக்கவேண்டாம். "இன்று நன்றாய்ப் பாடினாயா? யாருக்குச் சந்தோஷம் கொடுத்தாய்?" என்று கேட்போம். போட்டியில் தோற்று வந்த நாளிலும் ஜெயித்த நாளில் வைத்த அதே சோற்றை அதே முகத்தோடு வைப்போம். பாடத் தெரியாத தம்பியையும் அருகில் உட்காரவைத்து, அவன் கையிலுள்ள வேலையையும் வாய்விட்டு மெச்சுவோம்.

கைதட்டல் கேட்கும்போது தலைகுனிந்து நன்றி சொல்லவும், கேட்காதபோது தலைநிமிர்ந்து வேலை செய்யவும் ஒரு பிள்ளை பழகிக்கொண்டால், பிறகு புகழ் வந்தாலும் பயமில்லை, வராவிட்டாலும் நஷ்டமில்லை. அந்தப் பழக்கத்தை நியூயார்க்கின் பெரிய பள்ளியும் வாசற்சோதனை வைத்துக் கொடுத்துவிட முடியாது. அதற்குரிய பள்ளிக்கூடம் வீடுதான். அங்கே எல்லாப் பிள்ளைக்கும் இடம் உண்டு.