அச்சம் ஆசானாகுமா?

குலசேகரத்து ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டுவோர் நன்கறிந்த உண்மை ஒன்றுண்டு. பட்டையை அளவோடு சீவினால் பால் வடியும். கத்தி ஆழ்ந்து உள்மரத்தைத் தொட்டுவிட்டாலோ, அவ்விடம் முடிச்சாகிவிடும். குழந்தையின் உள்ளமும் அத்தகையதே.

2009ஆம் ஆண்டின் இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பிள்ளைகளை அடிப்பதை மட்டுமன்றி, மனத்தைத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. ஆனால், அச்சட்டம் பள்ளி வாயிலோடு நின்றுவிடும். வீட்டிற்குள் நம் மனசாட்சியே சட்டம்.

'கண்டிப்பு இல்லையேல் பிள்ளை கெட்டுவிடாதா?' என்று சிலர் வினவலாம். கண்டிப்பு தேவைதான், அச்சுறுத்தல் கண்டிப்பாகாது. அஞ்சி அடங்கும் பிள்ளை தவற்றைத் திருத்திக்கொள்வதைவிட மறைக்கவே விரைந்து கற்கிறது. தவற்றை மறைத்துப் பழகிய நாவு துயரத்தையும் மறைத்துவிடும். வகுப்புத் தோழன் செய்த கேலியை, 'வயிற்றுவலி' என்று கூறிப் பள்ளி செல்ல மறுப்பதன் உண்மைக் காரணத்தை, அப்பிள்ளை பிறகு யாரிடம் உரைக்கும்?

குழந்தை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். பள்ளிவிட்டு வரும் பிள்ளையிடம் 'எத்தனை மதிப்பெண்?' என்று கேட்குமுன், 'இன்று என்ன நடந்தது?' என்று வாப்பாவும் உம்மாவும் கேட்கட்டும். விடை கசப்பாயினும் சினவாது செவிமடுப்போம். வாய் திறக்க அஞ்சாத பிள்ளையைத்தான் நல்வழியில் நடத்த நம்மால் இயலும்.