பிஸ்தாரை

நேபாளம், உல்லேரி, மாலை.

திக்கேதுங்காவிலிருந்து இங்கே ஏறிவரக் கற்படிகள் மட்டும் மூவாயிரத்துக்கு மேல். பலர் இங்கே மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் கோரேபானி போய்விடுகிறார்கள். 63 வயதில் அந்தக் கணக்கு எனக்கு வேண்டாம். அந்த ஒரு நாளை இரண்டாக்கிக்கொண்டோம்.

வழிகாட்டித் தம்பிக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். “பிஸ்தாரை, அங்கிள், பிஸ்தாரை” என்று சொல்லிக்கொண்டே வந்தான். நேபாளியில், மெதுவாக. எவ்வளவு மெதுவாக என்பதை மூச்சுதான் சொல்ல வேண்டும். நானும் மனைவியும் பேத்தியின் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசியபடி ஏறினோம். வாக்கியம் பாதியில் அறுந்த இடத்தில் நின்றோம்.

அப்படி நின்றபோது மணிச் சத்தம். கோவேறு கழுதைகள், முதுகின் இருபுறமும் கேஸ் சிலிண்டர்கள். தம்பி எங்களை மலைச்சுவர்ப் பக்கம் ஒதுக்கினான். பள்ளத்துப் பக்கம் நின்றால் அந்தச் சிலிண்டர் ஒருமுறை இடித்தாலே போதும், ஆளைத் தள்ளிவிடும்.

வழியெல்லாம் சௌதாரி. நிழல் மரத்தடியில் கல் மேடை, சுமையை முதுகிலிருந்து இறக்காமலே சாய்த்து வைக்கும் உயரத்தில். நம் ஊர்ச் சுமைதாங்கிக் கல்லின் உறவு. தாகம் இந்த வயதில் தாமதமாகத்தான் எடுக்கிறது. அதற்குக் காத்திராமல் ஒவ்வொரு மேடையிலும் நாலு மிடறு தண்ணீர்.

பெரிய பையைக் கூலிக்கு ஒருவரிடம் கொடுத்திருக்கிறோம். கொடுக்க மனம் எளிதில் வரவில்லை. என் முதுகில் சின்னப் பை மட்டும்: மாத்திரை, தண்ணீர், மழை அங்கி, ஸ்வெட்டர். மாத்திரையை இன்னொருவர் சுமக்கும் பையில் வைக்கவே மாட்டேன். இடுப்பு வாரை எலும்பின் மேல் இறுக்கிய பிறகே தோள் வாரை இழுக்கிறேன். பாரம் தோளை விட்டு இறங்கி இடுப்பில் உட்காரும் அந்த நொடி உடம்புக்கு எத்தனை ஆறுதல்!

கோரேபானி, இரவு. 2,870 மீட்டர்.

பாட்டிலில் வெந்நீர் நிரப்பி, கம்பளிக் காலுறைக்குள் நுழைத்து, போர்வைக்குள் பாதத்தருகே வைத்துக்கொண்டேன். டார்ச் தலைமாட்டில். இந்த உயரத்தில் இரவில் அடிக்கடி எழுந்து போக வேண்டியிருக்கிறது, வெளியே படி ஈரம்.

இரண்டு மணிக்கு லேசாகத் தலை வலித்தது. சொல்லாமல் மறைக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. மனைவியை எழுப்பிச் சொல்லிவிட்டேன். தலைவலியோடு மேலே ஏறக் கூடாது. கூடினால் கீழே இறங்கிவிட வேண்டும். விடியலைப் பார்க்க ஏற வேண்டிய பூன் ஹில் இன்னும் 340 மீட்டர் மேலே.

“நீங்க படுங்க. நான் பாத்துட்டு வந்து சொல்றேன்” என்றாள். எனக்குத் துணையாகப் பக்கத்து அறையில் சுமைகாரர் இருக்கிறார்.

அதிகாலை.

ஜன்னலில், இருட்டு மலைமேல் டார்ச் வெளிச்சங்கள் வரிசையாக ஏறிப் போயின. அதில் ஒன்று அவளுடையது. பிறகு தௌலகிரியின் உச்சி சிவந்தது. படுத்தபடியே பார்த்தேன்.

திரும்பி வந்தவள் ஜில்லென்ற கையை என் நெற்றியில் வைத்தாள்.

“வலி விட்டுதா?”

விட்டிருந்தது.